வெப்பநிலையில் இயங்கும் வால்வுக்கு எஃப்ஈஆர் வந்திருக்கிறது: கிளெய்மை எப்படித் திருத்துவது?

கோவை_பித்தளை

வணக்கம். எங்களுடையது சின்னப் பட்டறை. பித்தளை வால்வும் பைப் ஃபிட்டிங்கும் செய்கிறோம். சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்காக ஒரு வால்வு வடிவமைத்து இந்தியக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் பிரசுரமாகிவிட்டது. இப்போது முதல் பரிசோதனை அறிக்கையும் (எஃப்ஈஆர்) வந்திருக்கிறது.

மாடியில் டேங்க், கீழே குளியலறை. குழாயைத் திறந்தால் பைப்பில் ஆறிக் கிடக்கிற தண்ணீர்தான் முதலில் வரும். சூடு வரும்வரை அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. எங்கள் வால்வு குழாய்க்கும் ஷவருக்கும் நடுவில் உட்காரும். 38 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரைப் பக்கவழியில் ஃப்ளஷ் டேங்குக்கு அனுப்பும். சூடு வந்ததும் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பக்கவழி மூடிக்கொள்ளும், ஷவர் வழி திறக்கும். கரண்ட் தேவையில்லை.

எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியங்களான கிளெய்ம்களில் முதலாவது, கிளெய்ம் 1, இப்படி இருக்கிறது: "ஒரு உடல், ஒரு நுழைவாய், இரண்டு வெளிவாய்கள், வெப்பநிலைக்கு ஏற்ப நகரும் ஒரு உறுப்பு ஆகியவற்றைக் கொண்டு, குறிப்பிட்ட வெப்பநிலையில் நீரின் பாதையை மாற்றும் வால்வு."

அறிக்கையில் டி1, டி2 என்று இரண்டு பழைய வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டியிருக்கிறார்கள். டி1 இருந்தால் புதுமை இல்லை, டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்தால் இன்வென்டிவ் ஸ்டெப் (அத்துறைக்காரருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை, காப்புரிமைச் சட்டப் பிரிவு 3(எஃப்) படி தெரிந்த பொருள்களின் வெறும் அடுக்கு, "குறிப்பிட்ட வெப்பநிலை" என்பது தெளிவில்லை. இவ்வளவும் ஒரே அறிக்கையில். இதற்கு மேல் போராடலாமா, விட்டுவிடலாமா?

கிண்டி_ஏஜென்ட்

விட வேண்டாம் சார். முதல் அறிக்கையில் எல்லா ஆட்சேபமும் வருவது வழக்கம்தான். அறிக்கை வந்த தேதியிலிருந்து பதில் தர 6 மாதம் இருக்கிறது, படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். ஆனால் அந்த 6 மாதத்துக்குள்ளேயே முடிக்கப் பாருங்கள்.

அப்புறம், இந்தக் கிளெய்ம் 1-க்காக வாதாட வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்துக்குள் காரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அடங்கும். அதுவும் குறிப்பிட்ட சூடு வந்தால் கூலன்ட்டின் பாதையை ரேடியேட்டர் பக்கம் மாற்றுகிறதே. பரிசோதகர் சொல்வது சரி.

முழு கிளெய்ம் பட்டியலையும் போடுங்கள். பிரசுரமான விண்ணப்பம் என்பதால் அதில் உள்ளதை இங்கே பேசுவதில் தவறில்லை.

டெட்ராய்ட்_தமிழ்

நான் கார் கூலிங் சிஸ்டத்தில் வேலை செய்கிறேன். இந்தத் துறையில் "வெப்பநிலைக்கு ஏற்ப நகரும் உறுப்பு" என்று மட்டும் சொன்னால் எந்த நாட்டிலும் நிற்காது. அவ்வளவு பழைய விஷயம். 17-ஆம் நூற்றாண்டிலேயே கொர்னேலிஸ் ட்ரெபல் கோழி முட்டை பொரிக்கும் அடுப்புக்குத் தானாக இயங்கும் வெப்பக் கட்டுப்பாடு செய்தார். இரட்டை உலோகத் தகட்டை வைத்து 1830-இல் ஆண்ட்ரூ யூர் காப்புரிமை வாங்கினார், தெர்மோஸ்டாட் என்ற பெயரே அவர் வைத்தது. மெழுகை வைத்துப் பிஸ்டனைத் தள்ளுவதை 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் கொண்டுவந்தார். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலும் அந்த வகைதான். வீட்டு ரேடியேட்டர் வால்வில் டான்ஃபாஸ் நிறுவனர் மாட்ஸ் கிளாசன் 1943-இல் காப்புரிமை பெற்றார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த, சூடானால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிட்டினால் என்ற வடிவ நினைவு உலோகத்தில் செய்த ஸ்பிரிங் 1960களுக்குப் பிறகு வந்தது.

மெழுகு ஏன் இத்தனை காலம் நிற்கிறது என்றால், உருகும்போது அதன் கன அளவு 10 முதல் 15 சதவீதம் கூடும், அப்போது தள்ளும் விசை மிகப் பெரியது. தண்ணீரின் அழுத்தம் ஏறி இறங்கினாலும் திறக்கும் வெப்பநிலை மாறாது. இரட்டை உலோகத் தகட்டுக்கு வேகம் உண்டு, பலம் குறைவு. பலவகைப் பாரஃபின்களைக் கலந்து உருகும் புள்ளியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரலாம், சூடு சீக்கிரம் உள்ளே போகச் செப்புத் தூளும் கலப்பார்கள். இவையெல்லாம் ஊரறிந்த விஷயம். பரிசோதகர் எஃப்16கே 31, ஜி05டி 23, எஃப்01பி 7/16 ஆகிய மூன்று காப்புரிமை வகைப்பாடுகளைத் திறந்தாலே கட்டுக்கட்டாக ஆவணம் கிடைக்கும்.

முன்னாள்_பரிசோதகர்

மேசையின் அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பரிசோதகர் உங்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கிளெய்மில் உள்ள சொற்களை மட்டும்தான் பார்க்கிறார். ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து, "இது டி1-இல் இருக்கிறதா?" என்று கட்டம் போட்டு நிரப்புவார். எல்லாக் கட்டமும் டி1 ஒன்றிலேயே நிரம்பினால் புதுமை போயிற்று. ஒரு கட்டம் காலியாக இருந்து, அதை டி2 நிரப்பி, இரண்டையும் சேர்க்க அத்துறைக்காரருக்குத் தோன்றியிருக்கும் என்றால் இன்வென்டிவ் ஸ்டெப் போயிற்று. ஆகவே உங்களிடம் உள்ளதிலேயே எந்த ஆவணமும் நிரப்பாத கட்டம் எது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பட்டறையில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தோம், எவ்வளவு செலவு செய்தோம் என்பதெல்லாம் கட்டத்துக்குள் வராது.

3(எஃப்) பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அந்தப் பிரிவு. ஒன்றின் அசைவால் இன்னொன்று வேறு வேலை செய்கிறது என்று காட்டினால் அந்த ஆட்சேபம் விழுந்துவிடும்.

மிர்சாபூர் பாத்திரக்காரர்கள் வழக்கைப் படித்துப் பாருங்கள். பிஷ்வநாத் பிரசாத் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடையும் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். டெயில் ஸ்டாக், அதாவது லேத்தில் பொருளின் மறுமுனையைத் தாங்கும் பகுதி, லேத்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அதைக் கொண்டுவந்து பொருத்தியது பட்டறையில் நடக்கும் சாதாரண மேம்பாடுதான் என்று சொல்லிக் காப்புரிமையை ரத்து செய்தார்கள். எந்திரப் பொருள் விண்ணப்பங்களில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துப் போடுவோம். உங்கள் பதிலைப் படிப்பவர் மனதில் அது இருக்கும்.

சோலார்_மெக்கானிக்

எனக்குச் சட்டம் தெரியாது. ஒரு விஷயம் கேட்கிறேன். ஃப்ளஷ் டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? மிதவை அடைத்துக்கொள்ளும். பக்கவழியில் தண்ணீர் போக இடமில்லை. ஷவர் வழியோ சூடு வந்தால்தான் திறக்கும். தண்ணீர் நகராமல் சூடு எப்படி மெழுகு வரைக்கும் வரும்? குளிக்க நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். சூடு படும் இடத்தில்தான் முதலில் உப்புக் கட்டும். ஹீட்டர் லைனில் கழற்றிய வால்வுகளை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். சீட்டைச் சுற்றி வெள்ளையாக, முட்டை ஓடு மாதிரி ஒரு படிவு, அதற்கு மேல் இன்னொன்று. சின்னத் துளை எதுவானாலும் முதலில் அடைவது அதுதான்.

கோவை_பித்தளை

> ஃப்ளஷ் டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் என்ன ஆகும்?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதற்காகத்தான் ஷவர் பக்கச் சுவரில் 2.5 மி.மீ. துளை ஒன்று வைத்திருக்கிறோம். டேங்க் நிரம்பியிருந்தாலும் அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், சூடு மெல்ல வந்து சேரும்.

உப்பில் அந்தத் துளை அடைபடும் என்பதும் உண்மை. முதலில் செய்த வால்வுகள் அப்படித்தான் நின்றன. அதனால் பிஸ்டன் முனையில் ஒரு மெல்லிய ஸ்டீல் பின் வைத்தோம். ஒவ்வொரு முறை சூடு வந்து பிஸ்டன் முன்னே வரும்போதும் பின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும், ஆறும்போது வெளியே வந்துவிடும். அன்றன்று படியும் உப்பு கெட்டியாகும் முன்பே தள்ளப்பட்டுவிடுகிறது. பின் துளைக்குள் இருக்கும்போது ஷவர் வழி முழுதாகத் திறந்திருப்பதால் துளை அடைபட்டிருப்பதில் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஆறியதும் துளை மறுபடி காலி.

இது கிளெய்ம் 6-இல் இருக்கிறது. வரைபடம் 3-இலும் காட்டியிருக்கிறோம். விவரிப்பில், "பின் 14 துளை 12-இல் நுழைந்து, உப்புப் படிவால் துளை அடைபடாமல் காக்கிறது" என்று ஒரு வரி உண்டு.

கிண்டி_ஏஜென்ட்

சார், உங்கள் கண்டுபிடிப்பு இதுதான்! இதைக் கொண்டுபோய் ஆறாவது கிளெய்மில், ஒரு துணை அம்சம் போல வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுதியவர் வால்வு தண்ணீரைச் சேமிக்கிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சேமிக்கும் வெப்ப வால்வுகள் முன்பே உண்டு. அமெரிக்காவில் ஷவர்ஸ்டார்ட் என்றே ஒன்று விற்கிறது. தண்ணீர் 35 டிகிரிக்கு வந்ததும் ஓட்டத்தைத் துளித்துளியாகக் குறைத்துவிடும், நாம் வந்து கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும். இயங்கும் திசை வேறு என்றாலும் நோக்கம் ஒன்றே.

அறிக்கையில் கிளெய்ம் 6-க்கு என்ன எழுதியிருக்கிறார்கள்?

கோவை_பித்தளை

"கிளெய்ம்கள் 2 முதல் 9 வரை உள்ள அம்சங்கள் டி1, டி2-இல் இருந்து அத்துறைக்காரருக்கு எளிதில் தோன்றக்கூடியவை" என்று ஒரே வரி. டி1-இல் ஒழுகு துளை இருக்கிறது. டி2 நிட்டினால் ஸ்பிரிங் வைத்த வால்வு. இரண்டிலும் பின் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

டெட்ராய்ட்_தமிழ்

பின் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். கார் தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தால் விளிம்பில் சின்னத் துளை ஒன்றும், அதில் தொளதொளவென்று ஆடும் ஒரு பின்னும் தெரியும். ஜிகிள் பின் என்போம். கூலன்ட் நிரப்பும்போது காற்று வெளியேற அந்தத் துளை. பின் ஆடிக்கொண்டே இருப்பதால் துளையில் அழுக்கு தங்காது. "துளை அடைபடாமல் இருக்கப் பின்" என்று மட்டும் எழுதினால் அடுத்த அறிக்கையில் இதை டி3 என்று கொண்டுவருவார்கள்.

இங்கே அமெரிக்காவில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் இதே மாதிரி ஒரு கேள்வியைத்தான் தீர்த்தது. நீளத்தை மாற்றக்கூடிய கார் பெடல் தெரிந்தது, மின்னணு சென்சாரும் தெரிந்தது, சென்சாரைப் பெடலின் அசையாத அச்சில் பொருத்துவது அத்துறைக்காரருக்குத் தோன்றக்கூடியதே என்று சொல்லிவிட்டார்கள். இந்தியச் சட்டம் வேறு என்றாலும் பரிசோதகர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்.

லேத்_நண்பன்

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்விலும் இது உண்டே. பர்னர் துளையில் கரி அடைத்தால் பின் போட்டுக் குத்துவோம். சில மாடல்களில் கைப்பிடியைத் திருகினாலே உள்ளிருந்து ஊசி மேலே வந்து துளையைக் குத்திவிட்டு இறங்கும். பரிசோதகர் அதையும் எடுக்கலாம்.

முன்னாள்_பரிசோதகர்

இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். பதில் எழுதும் முன்பே இவை தெரியவந்தது நல்லது. ஹியரிங்கில் (நேர் விசாரணையில்) திடீரென்று கேட்டால் தடுமாற வேண்டியிருக்கும். வேறுபாடு எங்கே என்று பார்ப்போம்.

ஜிகிள் பின் எதோடும் இணைக்கப்படாதது. கூலன்ட் ஓட்டமும் எஞ்சின் அதிர்வும் அதை ஆட்டுகின்றன. உங்கள் வால்வு வீட்டுச் சுவரில் இருக்கிறது, அங்கே அதிர்வே இல்லை. மிதவை அடைத்திருக்கும்போது ஓட்டமும் மிகக் குறைவு. அந்தத் தளர்ந்த பின்னை இங்கே கொண்டுவந்து போட்டால் அது உப்போடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதாவது டி1-ஐயும் கார் தெர்மோஸ்டாட்டையும் அப்படியே சேர்த்தால் வேலை செய்யாத வால்வுதான் கிடைக்கும். வேலை செய்ய வைக்க, பின்னைப் பிஸ்டனோடு பிணைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுவதற்கான தூண்டுதல் அந்த ஆவணங்களில் இல்லை.

ஸ்டவ் ஊசி அசைக்கப்படுவது கையால். அடைத்துவிட்டது என்று மனிதருக்குத் தெரிந்த பிறகு அவர் குத்துகிறார். இங்கே எந்தச் சூடு உப்பைப் படிய வைக்கிறதோ அதே சூடு மெழுகை விரித்துப் பின்னைத் தள்ளுகிறது. யாரும் தொட வேண்டியதில்லை. பதிலின் முதல் பத்தியிலேயே இதை எழுதுங்கள். 3(எஃப்)-க்கும் இதுவே பதில். ஒழுகு துளை இருப்பதால்தான் சூடு மெழுகை அடைகிறது, மெழுகு அசைவதால்தான் துளை திறந்திருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நின்றுவிடும். தனித்தனியே இயங்கும் உறுப்புகள் என்று இதைச் சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்னாலும் கட்டாயம் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பட்டறை மேம்பாடு என்று, விண்ணப்பத்தின் மேல் முடிவு சொல்லும் கன்ட்ரோலர் முடிவெடுக்க இடமிருக்கிறது. ஆனால் வாதம் வலுவானது.

கோவை_பித்தளை

பின் உள்ள வால்வையும் இல்லாத வால்வையும் ஒரே போர் தண்ணீரில் கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். பின் இல்லாததில் துளை முழுக்க அடைத்துவிட்டது. பின் உள்ளதில் ஒழுகும் அளவு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அளவுகள் குறிப்பேட்டில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. இப்போது அந்த அட்டவணையை விவரிப்பில் சேர்க்கலாமா?

கிண்டி_ஏஜென்ட்

விவரிப்பில் சேர்க்கக் கூடாது. பிரிவு 59 அதற்கு இடம் தராது. முதலில் தாக்கல் செய்ததில் இல்லாத எதையும் திருத்தம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவர முடியாது. திருத்திய கிளெய்மும் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை, கிளெய்ம் 1-க்குள் கிளெய்ம் 6-ஐச் சேர்த்தால் எல்லை சுருங்கத்தான் செய்கிறது.

அட்டவணையைப் பிரமாணப் பத்திரத்தோடு சான்றாகப் பதிலுடன் கொடுக்கலாம், பிரிவு 79 பார்த்துக்கொள்ளுங்கள். "உப்புப் படிவால் துளை அடைபடாமல் காக்கிறது" என்ற அந்த ஒரு வரி விவரிப்பில் இருப்பதால்தான் இந்தச் சான்றுக்கு மதிப்பு வருகிறது. ஏற்கெனவே சொன்ன பயனை அது உறுதி செய்கிறது, புதிய பயனைச் சொல்லவில்லை. அந்த வரி இல்லாதிருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையாகப் பேச மாட்டேன். புதிதாக விண்ணப்பம் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சின்ன உறுப்புக்கும் அது ஏன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அப்போது அது அற்பமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் தெளிவின்மை ஆட்சேபம். "குறிப்பிட்ட வெப்பநிலை" என்பதை விவரிப்பில் எப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?

கோவை_பித்தளை

"35 முதல் 42 டிகிரி வரை, விரும்பத்தக்கது 38 டிகிரி" என்று இருக்கிறது. மெழுகுக்குப் பதில் வடிவ நினைவு உலோகமும் பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். அடுத்த மாடலில் பின்னின் முனையை மாற்றி

கிண்டி_ஏஜென்ட்

சார், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இல்லாத எதையும் இங்கே எழுத வேண்டாம். பொது இடத்தில் எழுதினால் உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிரான முன் ஆவணமாகிவிடும். புதிய மேம்பாடு இருந்தால் முதலில் தாக்கல் செய்யுங்கள். முதன்மைக் கண்டுபிடிப்பின் மேம்பாடு என்றால் பிரிவு 54 படி கூடுதல் காப்புரிமையாகக் கேட்கலாம், அதற்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் இல்லை. மற்ற நண்பர்களும் தயவுசெய்து பின்னுக்கு யோசனை எதுவும் இங்கே சொல்ல வேண்டாம். நல்ல எண்ணத்தில் நீங்கள் சொல்வது அவருடைய அடுத்த விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும்.

வெப்பநிலைக்கு 35 முதல் 42 என்ற எல்லையைக் கிளெய்மில் போட்டுவிடுங்கள், ஆட்சேபம் தீரும். வடிவ நினைவு உலோகம் பற்றிய வரி இருப்பதால் "மெழுகு" என்று சுருக்கத் தேவையில்லை. சுருக்கினால் நாளை ஒருவர் நிட்டினால் ஸ்பிரிங் போட்டு அதே பின்னை வைத்து விற்பார், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கோவை_பித்தளை

புரிந்தது மேடம். உங்கள் எல்லோர் பேச்சையும் வைத்து எழுதிப் பார்த்தேன்:

"நுழைவாய், முதல் வெளிவாய், இரண்டாம் வெளிவாய் கொண்ட உடல், 35 முதல் 42 டிகிரிக்குள் உள்ள ஒரு வெப்பநிலையில் நகர்ந்து, நீரை முதல் வெளிவாயிலிருந்து இரண்டாம் வெளிவாய்க்குத் திருப்பும் வெப்ப இயக்க உறுப்பு, முதல் வெளிவாய் அடைபட்டிருக்கும்போதும் நீர் இரண்டாம் வெளிவாய்க்கு ஒழுகும்படி அமைந்த துளை, வெப்ப இயக்க உறுப்பின் முனையில் பொருத்திய பின் ஆகியவற்றைக் கொண்டு, அந்த உறுப்பு வெப்பத்தால் நகரும் ஒவ்வொரு முறையும் பின் துளைக்குள் நுழைந்து படிவை நீக்கி, குளிரும்போது துளையை விட்டு விலகும் வால்வு."

முன்னாள்_பரிசோதகர்

நன்றாக இருக்கிறது. "முனையில் பொருத்திய" என்பதற்கு வரைபடம் 3-இல் ஆதாரம் இருக்கிறதா, அல்லது பின் பிஸ்டனோடு ஒரே துண்டாகக் கடைந்ததா? ஒரே துண்டு என்றால் "உறுப்புடன் சேர்ந்து நகரும் பின்" என்று மாற்றுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு ஆட்சேபம் வர விட வேண்டாம்.

டெட்ராய்ட்_தமிழ்

சோலார் தண்ணீர் கோடையில் 70 டிகிரியைத் தாண்டும். மெழுகு 42-க்கு மேலும் விரிந்துகொண்டே போகும், பிஸ்டன் இன்னும் முன்னே வரும். பின் எதன் மீதும் முட்டாமல் இருக்க வழி செய்திருக்கிறீர்களா? விண்ணப்பத்தில் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

கோவை_பித்தளை

இருக்கிறது. கிளெய்ம் 7, மிகை நகர்வைத் தாங்கும் ஸ்பிரிங். வரைபடத்தையும் பார்த்துவிட்டேன், பின் தனித் துண்டு, முனையில் மரை போட்டு ஏற்றியது. "பொருத்திய" என்பதே இருக்கலாம்.

கிண்டி_ஏஜென்ட்

அப்படியானால் கிளெய்ம் 7-ஐத் திருத்திய கிளெய்ம் 1-ஐச் சார்ந்ததாக மாற்றிவிடுங்கள், மீதி எண்களையும் வரிசைப்படுத்துங்கள். திருத்தம் தெரியும்படி கோடிட்ட பிரதி ஒன்றும் சுத்தப் பிரதி ஒன்றும் தேவை. பதிலில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் ஹியரிங் நோட்டீஸில் அது திரும்ப வரும். ஹியரிங் வந்தால் வெட்டிய வால்வு இரண்டையும் படமெடுத்து வைத்திருங்கள், அது முடிந்து 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதத்தோடு அவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.